கோல்ஃப் ஜிடிஐ எடுக்கலாமா? டிஎஸ்ஜி பயம் மட்டும் விட மாட்டேங்குது

ஓஎம்ஆர்_வாசி

வணக்கம் மக்களே. இங்க படிக்கிறது அதிகம், எழுதுறது குறைவு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. 2025 மே மாசம் 53 லட்சம்னு விலை சொன்னாங்க, முதல்ல வந்த 150 வண்டியும் பறந்துபோச்சு. இப்போ டீலர்கிட்ட இருந்து போன்: "ஒரு வண்டி கைக்கு வருது சார், வேணுமா?" பணம் எப்படியோ புரட்டிடலாம். வீட்ல சம்மதம் வாங்கியாச்சு (அந்தக் கதைக்குத் தனி இழையே போடலாம்).

சிக்கல் கியர்பாக்ஸ்தான், அதாவது டிஎஸ்ஜிங்கற ஃபோக்ஸ்வாகனோட டூயல் க்ளட்ச் ஆட்டோமேட்டிக். இதுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தது ட்ரை க்ளட்ச் போட்ட டூயல் க்ளட்ச் செடான். கம்பெனி பேர் வேண்டாம். வாரண்டி முடிஞ்ச சூட்டோட, மத்திய கைலாஷ் சிக்னல்ல டேஷ்போர்டுல ஸ்பேனர் படம் மின்னிச்சு. அப்புறம் ஒத்தைப்படை கியரே விழல. ரெண்டு, நாலு, ஆறு மட்டும் வெச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தேன். கியர்பாக்ஸை இயக்கற கன்ட்ரோல் யூனிட், மெக்கட்ரானிக்ஸ், போச்சுன்னு சர்வீஸ்ல சொன்னாங்க. பில்லைப் பார்த்ததும் வண்டியை வித்துத் தொலைச்சேன்.

தினமும் நாவலூர்ல இருந்து கிண்டி. ஊர்ந்துதான் போகணும். சனி ஞாயிறு ஈசிஆர், அப்பப்போ ஊட்டி, வால்பாறை. 50 லட்சத்துக்கு மேல கொட்டிட்டு மறுபடியும் அந்த ஸ்பேனர் படத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. இன்னொரு பக்கம் பிஎம்டபிள்யூ எம்340ஐ இருக்கு. 70 லட்சத்தைத் தாண்டும், ஆனா க்ளட்சுக்குப் பதிலா எண்ணெய் வழியா சக்தி கடத்தற சாதா டார்க் கன்வெர்ட்டர். என்ன பண்ணலாம் சொல்லுங்க.

கரி_ட்ராக்_பையன்

தல, எடுத்துடுங்க. 265 பிஎஸ், முன் சக்கரத்துக்கு எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியல். ஊட்டி கல்லட்டி மலைப்பாதை வளைவுல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கியர்பாக்ஸ் பயமெல்லாம் தானா ஓடிடும்.

சந்தேக_சாமி

@கரி_ட்ராக்_பையன் பயம் ஓடிடும், சரி. பில் ஓடாதே?

பட்டறை_மாமா

தம்பி, முதல்ல டிஎஸ்ஜிங்கற பேரை மனசுல இருந்து எடுங்க. அந்தப் பேர்ல ஏழெட்டு கியர்பாக்ஸ் இருக்கு. ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டதுன்னு அர்த்தமில்ல. ஒண்ணு நல்லா இருக்குன்னு மத்ததை நம்பவும் கூடாது.

உங்களைப் படுத்தினது ட்ரை க்ளட்ச் வகை. அந்த வகையில ஊர் முழுக்கப் பேர் வாங்கினது ஃபோக்ஸ்வாகனோட டிக்யூ200. ஏழு கியர், 2008-ல வந்தது, டார்க், அதாவது என்ஜினோட சுழல் விசை, 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான் தாங்கும்னு கணக்கு. இப்பவும் விர்ட்டஸ், ஸ்லாவியா 1.5 டர்போவுல டிஎஸ்ஜின்னு வர்றது இந்த ட்ரை வகைதான். ஜிடிஐல இருக்கறது டிக்யூ381. அதுவும் ஏழு கியர், ஆனா வெட். இதோட அண்ணன் டிக்யூ250, ஆறு கியர் வெட். அது 2003-லயே நாலாம் தலைமுறை கோல்ஃப் ஆர்32-ல வந்துடுச்சு. நம்ம ஊர்ல ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வெச்சிருந்தவங்ககிட்ட கேளுங்க, அதுல இருந்தது அதுதான்.

ட்ரைக்கும் வெட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பீங்க. ரெண்டு பேர் ஒரே உரல்ல மாத்தி மாத்தி உலக்கை போடறதைப் பார்த்திருக்கீங்களா? ஒருத்தர் உலக்கை இறங்கும்போதே அடுத்தவர் உலக்கை மேல தயாரா நிக்கும். டூயல் க்ளட்ச் அதே வேலைதான். ஒரு க்ளட்ச் 1, 3, 5, 7. இன்னொண்ணு 2, 4, 6. ஓடும்போது தேய்மானம் பெருசா இல்ல. சிக்கல் எங்கன்னா ஊர்றதுல. முதல் கியர்ல க்ளட்ச் முழுசா பிடிச்சா ஐட்லிங்லயே வண்டி ஓரளவு வேகத்துல போகும். அதைவிட மெதுவா நகரணும்னா க்ளட்ச் பாதி பிடிச்சு வழுக்கிக்கிட்டே இருக்கணும். வழுக்கினா சூடு. ட்ரை வகையில அந்தச் சூடு போக வழி காத்து மட்டும்தான். மே மாசம் சோழிங்கநல்லூர் சந்திப்புல காத்தே கொதிக்குது, அது எங்க சூட்டை வாங்கும்?

வெட் வகையில க்ளட்ச் தட்டுகள் எண்ணெய்க்குள்ள இருக்கும். எண்ணெய் சூட்டை வாங்கிட்டுப் போய் கூலர்ல விட்டுட்டு வரும். அதுக்காக சாகாவரம் வாங்கி வரல. அந்த எண்ணெய்தான் க்ளட்சுக்கும், பல் சக்கரத்துக்கும், வால்வுக்கும். தட்டுல தேயறதெல்லாம் அதுல கலக்கும். டிக்யூ250-க்கு 60,000 கிலோமீட்டர்ல எண்ணெயும் ஃபில்டரும் மாத்தணும். மாத்தறதுலயும் முறை இருக்கு: ஸ்கேனரை மாட்டி எண்ணெய் 35-லிருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கான்னு பார்த்துட்டுதான் லெவல் பிளக்கைக் கழட்டணும். கொதிக்கக் கொதிக்கக் கழட்டினா எண்ணெய் விரிஞ்சு நிக்கும், தேவைக்கு மேல வடிஞ்சிடும், உள்ள குறைச்சல். பட்டறையில நான் பார்த்த வெட் க்ளட்ச் சாவுல பாதி இந்த மாதிரி அவசரக்குடுக்கை வேலைதான்.

ஓஎம்ஆர்_வாசி

மாமா, நன்றி. அப்போ என் பழைய அனுபவத்தை வெச்சு ஜிடிஐயை ஒதுக்கறது நியாயம் இல்லைங்கறீங்க?

பட்டறை_மாமா

அதேதான். ஆனா சாமி வருவார் பாருங்க.

சந்தேக_சாமி

வந்துட்டேன்.

மாமா சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. நான் சொல்ல வருவது கம்பெனிகள் நடந்துகொள்ளும் விதம். டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பற்றிய புகார் சீனாவில் பல வருஷம் புகைந்துகொண்டிருந்தது. 2013 மார்ச் 15 நுகர்வோர் தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி அதை அம்பலப்படுத்தியது. உடனே 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே வருஷம் நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றம்: செயற்கை எண்ணெயை வடித்துவிட்டு மினரல் எண்ணெய். செயற்கை எண்ணெயால் உள்ளே மின்கோளாறு வருகிறது என்பது காரணம். ஆறு வருஷம் கழித்து, 2019-ல், ஆஸ்திரேலியாவில் மறுபடி ஒரு ரீகால். இந்தத் தடவை மெக்கட்ரானிக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் குப்பியில் விரிசல். 2008-ல் வந்த டிக்யூ200 பெட்டியின் குறை 2019 வரை வெளியே வந்துகொண்டே இருந்தது.

ஃபோர்டின் ட்ரை டூயல் க்ளட்ச்சான பவர்ஷிஃப்ட் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா வாங்கியவர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் வாடிக்கையாளரை நடத்திய விதத்துக்காக ஃபோர்டுக்கு 1 கோடி டாலர் அபராதம் போட்டது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களிடம் "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம்ம மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் அதே பவர்ஷிஃப்ட்தான். 2017-ல் சத்தமில்லாமல் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறினார்கள். 2021-ல் இந்தியாவில் உற்பத்தியையே நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டார்கள்.

அதெல்லாம் ட்ரை என்பீர்கள். வெட்டுக்கும் கதை உண்டு. நிஸ்ஸான் ஜிடி-ஆர் ஆர்35, 2007 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, டூயல் வெட் க்ளட்ச். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து வண்டியைப் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல் போட்டு அமெரிக்காவில் சிலர் கியர்பாக்ஸை உடைத்தார்கள். வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. விளம்பரத்தில் காட்டிய வித்தையை ரோட்டில் செய்தால் வாரண்டி இல்லை! பிறகு மென்பொருளை மாற்றி அந்த லாஞ்ச் வேகத்தையே குறைத்தார்கள்.

ஆகவே ஐயா, வெட்டா ட்ரையா என்பதோடு கேள்வி முடியாது. உடைந்தால் கம்பெனி யார் பக்கம் நிற்கும் என்று பாருங்கள்.

நாலாவது_கியர்

சாமி சொல்றதுல ஒண்ணு சேர்க்கணும். ஃபோரத்துல புகார் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. கியர்பாக்ஸ் ஒழுங்கா ஓடறவன் "இன்னைக்கும் கியர்பாக்ஸ் ஓடுச்சு"ன்னு இழை போட மாட்டான். கெட்டவன்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து எழுதுவான். டிக்யூ200 லட்சக்கணக்குல ஓடுது. கெட்டது எத்தனைங்கறதைவிட, கெட்டா எவ்வளவு செலவு, எத்தனை வாரம் வண்டி நிக்கும், இந்த ரெண்டும் நமக்கு முக்கியம்.

ஸ்டுட்கார்ட்_அக்கா

இங்கே ஜெர்மனியில் கியர்பாக்ஸ் சோதனை சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறேன் (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், ஃபோக்ஸ்வாகன் இல்லை). ஒரு விஷயம் இன்னும் யாரும் தொடவில்லை. எந்தக் கியர்பாக்ஸிலும் நான் முதலில் பார்ப்பது, அதன் தாங்குதிறனுக்கும் என்ஜின் கொடுக்கும் டார்க்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதைத்தான்.

2016-ல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடிஐ நினைவிருக்கிறதா? 1.8 லிட்டர், 192 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். அதே என்ஜின் அதே கார் ஐரோப்பாவில் மேனுவலோடு வந்தபோது 320. டிஎஸ்ஜி எடுத்தால் 250. என்ஜின் ஒன்றுதான். கியர்பாக்ஸுக்காக 70 நியூட்டன் மீட்டரை மென்பொருளில் பூட்டி வைத்தார்கள். அதாவது டிக்யூ200-ஐ அதன் விளிம்பிலேயே நிறுத்தி விற்றார்கள். விர்ட்டஸ் 1.5-ம் 250 தான்.

கோல்ஃப் ஜிடிஐ 370. இதே டிக்யூ381 குடும்பத்துப் பெட்டிதான் கோல்ஃப் 'ஆர்' மாடலிலும் இருக்கிறது, அது நாலு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்து 420 தருகிறது. எனவே ஜிடிஐயில் பெட்டி மூச்சு முட்டி ஓடவில்லை. எனக்கு இது ரீகால் வரலாற்றை விடப் பெரிய ஆறுதல்.

டூயல் க்ளட்சுக்கு மட்டும் வரும் பிரச்சனையும் இல்லை இது. பிஎம்டபிள்யூ எம்2 எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மாடலில் ஆட்டோமேட்டிக்குக்கு 600 நியூட்டன் மீட்டர். மேனுவல் எடுத்தால் 550-லேயே நிறுத்திவிட்டார்கள். விலைப்பட்டியலை இந்தக் கண்ணோடு படித்தால், கம்பெனி தன் பெட்டியை எவ்வளவு நம்புகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடைவெளி கம்பெனி கொடுத்த நிலையில்தான். என்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் 'ஸ்டேஜ் 1' ரீமேப் செய்து 450-ஐத் தாண்டினீர்கள் என்றால் நான் மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிடுங்கள்.

கரி_ட்ராக்_பையன்

அக்கா கடைசி பத்தியில என் கனவை உடைச்சுட்டாங்க 😭

நீலவெள்ளை

ஊர்ற டிராஃபிக், வாரக்கடைசி ஓட்டம். இதுக்கு எதுக்கு க்ளட்ச் ஆராய்ச்சி? எம்340ஐ எடுங்க சார். இசட்எஃப் கம்பெனியோட எட்டு கியர், 2009-ல இருந்து வர்ற பெட்டி. உலகத்துல நிறைய கம்பெனி அதைத்தான் வாங்கிப் போடுது. டார்க் கன்வெர்ட்டர்ல ஊரும்போது வழுக்கறது எண்ணெய்தான், தேய தட்டு கிடையாது. 374 பிஎஸ், 500 நியூட்டன் மீட்டர், 0-100 நாலரை செகண்டுக்குள்ள. வண்டியைச் சேர்க்கறதும் நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பிஎம்டபிள்யூ ஆலையிலதான், கோல்ஃப் மாதிரி கப்பல்ல முழுசா வர்றதில்ல. இன்னொண்ணு: பிஎம்டபிள்யூ எம் பிரிவே டூயல் க்ளட்சை விட்டுடுச்சு. 2017 எம்5, அப்புறம் எம்3, எம்4, எல்லாமே இப்போ டார்க் கன்வெர்ட்டர். ரேஸ் வண்டி செய்யறவனே விட்டதை நாம ஏன் தூக்கிட்டுத் திரியணும்?

ஸ்டுட்கார்ட்_அக்கா

@நீலவெள்ளை கடைசி வாதம் பாதிதான் சரி. எம் பிரிவு விட்டதற்கு நம்பகத்தன்மை ஒன்றே காரணம் இல்லை. டார்க் எகிறிக்கொண்டே போனது, ஆல்வீல் டிரைவ் வந்தது, டார்க் கன்வெர்ட்டரின் கியர் மாற்றும் வேகம் டூயல் க்ளட்சை நெருங்கிவிட்டது. எல்லாக் காரிலும் ஒரே பெட்டி என்றால் செலவும் குறைவு. அதே காலத்தில் போர்ஷே தன் டூயல் க்ளட்ச்சான பிடிகேயை விடவில்லை, 2008-லிருந்து இன்று வரை 911-ல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நாவலூர்-கிண்டி தினமும் என்றால் உங்கள் முதல் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஊர்வதற்கு டார்க் கன்வெர்ட்டரை அடிக்க ஆளில்லை.

இசட்எஃபையும் கோயில் சிலை ஆக்கிவிடாதீர்கள். "வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று பிஎம்டபிள்யூ சொல்கிறது. பெட்டியைச் செய்த இசட்எஃபோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

பட்டறை_மாமா

வாழ்நாள்னா யாரோட வாழ்நாள்? வாரண்டியோட வாழ்நாள்.

தூய_ரசிகன்

மன்னிக்கணும். கோல்ஃப் ஜிடிஐ ஸ்போர்ட்ஸ் காரா? அஞ்சு கதவு, முன்சக்கர இழுவை, பின்னாடி மளிகை சாமான் வைக்க இடம். எம்340ஐ ஆபீஸ் செடான். ஸ்போர்ட்ஸ் கார்னா 911, கேமன், எம்எக்ஸ்-5. தலைப்பை மாத்துங்க.

கரி_ட்ராக்_பையன்

ஆரம்பிச்சுட்டாரு.

தூய_ரசிகன்

உண்மையைச் சொன்னா எரியுது.

நெறியாளர்

"எது ஸ்போர்ட்ஸ் கார்" விவாதத்துக்கு ஏற்கனவே ஓர் இழை இருக்கிறது, அங்கே இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை. இங்கே கியர்பாக்ஸ் மட்டும். அடுத்து வந்த நாலு பதிவுகளை நகர்த்திவிட்டேன்.

ஸ்கார்பரோ_தம்பி

வணக்கம். நான் இருக்கிறது ரொறன்ரோ பக்கம். இஞ்ச எங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் கொர்வெட் சி8 வைச்சிருக்கினம். அதில மெனுவலே இல்லை, எட்டு கியர் டூயல் க்ளட்ச் மட்டும்தான், ட்ரெமெக் கொம்பனி செய்தது. 2020-ல புதுசா வந்த பெட்டி. முதல் ஆக்கள் எப்பிடியும் பயந்துதான் எடுத்தவை.

அதில நான் கவனிச்சது என்னெண்டால், ஆரம்பத்தில ஏதும் பிழை எண்டால் டீலர் பெட்டியைத் திறக்கிறேல்லை. முழுப் பெட்டியையும் கழட்டிப்போட்டு வேற பெட்டி பூட்டினவை. உள்ள ஒரு சின்ன சென்சர் பிழையாய் இருந்தாலும் அதே கதைதான். வாரண்டிக்குள்ள எண்டால் உங்களுக்கு நல்லது, புதுப் பெட்டி. வாரண்டி முடிஞ்சால் அந்தச் சென்சருக்காக முழுப் பெட்டிக்கும் காசு. அதால வாங்கமுன்னம் டீலரிட்டை ஒண்டு கேளுங்கோ: "உங்கட சேர்விஸில இந்தப் பெட்டியைத் திறந்து வேலை செய்ய ஆள் இருக்கோ? இல்லாட்டி முழுசா மாத்தத்தான் தெரியுமோ?" இந்தக் கேள்விக்கு அவர் முழிக்கிற முழியிலயே விளங்கிடும்.

சி8-க்கு முதல் 12,000 கிலோமீட்டரில ட்ரான்ஸ்மிஷன் ஃபில்டர் மாத்தச் சொல்லி கையேட்டில இருக்கு. புதுப் பெட்டியில பல்லுகள் தேய்ஞ்சு பொருந்தேக்க வாற துகளைப் பிடிக்கத்தான். அதைச் செய்யாமல் பிறகு அழுகிற ஆக்களும் இருக்கினம்.

சந்தேக_சாமி

@ஸ்கார்பரோ_தம்பி இந்த இழையிலேயே உருப்படியான பதிவு. அருமை தம்பி.

மூணாவது_பெடல்

எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசறீங்க. மேனுவல் வாங்கினா இந்தத் தலைவலியே இல்லையே.

நாலாவது_கியர்

எங்க இருக்கு அண்ணே? ஜிடிஐயோட புது மாடல்ல மேனுவலை உலகத்துக்கே நிறுத்திட்டாங்க. ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் டிஎஸ்ஜி மட்டும்தான். எம்340ஐயும் ஆட்டோ மட்டும். இங்க 2025-ல மேனுவல் வேணும்னா பிஎம்டபிள்யூ எம்2, இல்லேன்னா இசட்4. ரெண்டும் கோடியைத் தொட்டுச்சு.

அப்புறம் மேனுவல்னா கெடாதுன்னு யார் சொன்னா? 2011 ஃபோர்டு மஸ்டாங்ல எம்டி82-ன்னு ஆறு கியர் மேனுவல். கியர் விழல, கரகரங்குதுன்னு புகார் குவிஞ்சு அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்பே விசாரணையைத் தொடங்குச்சு. ஓஎம்ஆர்ல மேனுவல் ஓட்டினா க்ளட்ச் தட்டு தேயாதா? தேயும். ஆனா அது பட்டறையில மாத்தற பொருள், மெக்கட்ரானிக்ஸ் மாதிரி குடும்பச் சொத்து கேக்காது. அதுல மட்டும் உங்க கட்சி.

வாரண்டி_வக்கீல்

தொழில்முறையில் நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன் என்பதால் காகிதம் பற்றி மட்டும்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் சேல்ஸ்மேன் பேச்சை விட்டுவிட்டு ஷரத்துகளைப் படியுங்கள். பெரும்பாலான தாள்களில் க்ளட்ச் தட்டு "தேய்மானப் பொருள்" கணக்கில் போய்விடும். மெக்கட்ரானிக்ஸ் உள்ளே வரும், க்ளட்ச் வராது. டூயல் க்ளட்சில் எந்தக் கோளாறு க்ளட்ச், எந்தக் கோளாறு மெக்கட்ரானிக்ஸ் என்று முடிவு செய்வது யார்? அவர்களே. இந்த இடத்தில்தான் சண்டை வருகிறது. "கியர்பாக்ஸ், மெக்கட்ரானிக்ஸ், இரண்டு க்ளட்ச் தொகுப்பும் அடங்கும், அடங்காது" என்று பொருள் வாரியாக மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது ஆணையத்தில் நிற்காது.

இரண்டாவது, வண்டியில் மாற்ற வேலை எதுவும் வேண்டாம். ரீமேப் செய்தால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கணினியில் 'டிடி1' என்று ஒரு குறி விழும். மென்பொருளைப் பழையபடி மாற்றினாலும் அந்தக் குறி போகாது. என்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டி அத்தோடு போச்சு.

மூன்றாவது, சிறு அதிர்வு வந்தாலும் சர்வீஸில் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். "நார்மல் சார்" என்று சொல்லி எழுதாமல் அனுப்பினால், வாரண்டிக்குள் புகார் செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. என்னிடம் வருகிறவர்களில் பலர் தோற்பது சட்டத்தில் இல்லை, இந்த ஒரு துண்டுத் தாளில்தான்.

ஓஎம்ஆர்_வாசி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வண்டியும் ஓட்டிப் பார்த்தேன், இங்க சொன்ன கேள்விகளையும் கேட்டேன்.

ஜிடிஐயை வேணும்னே சாயங்கால டிராஃபிக்ல எடுத்துட்டுப் போனேன். சேல்ஸ் தம்பி ஈசிஆர் போலாம்னு கெஞ்சினான், விடல. ஊரும்போது பழைய வண்டியில வர்ற அந்த உதறல் இல்ல. ஆனா பிரேக்கை லேசா விட்டு விட்டு நகர்த்தினா முதல் கியர் பிடிக்கறதும் விடறதும் கால்ல தெரியுது. மேம்பாலத்துல ஏறி காலியா ஒரு இடம் கிடைச்சதும் 2, 3, 4 மாத்தினேன். என்ன சொல்றது! கை வைக்கறதுக்குள்ள மாறிடுது.

எம்340ஐ ஊர்றதே தெரியல. வேகம் பயங்கரம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இறங்கினப்போ திரும்பிப் பார்க்கத் தோணல. ஜிடிஐயைத் திரும்பிப் பார்த்தேன்.

சர்வீஸ்ல கேட்டேன், "பெட்டியைத் திறப்பீங்களா?" அட்வைசர் உள்ள போய் ஒரு டெக்னீஷியனைக் கூட்டிட்டு வந்தார். அவர் நேரா, "எண்ணெய் மாத்தறது, மெக்கட்ரானிக்ஸ், க்ளட்ச் பேக் இதுவரைக்கும் நாங்க செய்வோம். பல் சக்கரம் வரைக்கும் போனா முழுப் பெட்டிதான் சார், பார்ட்ஸ் வெளியில இருந்து வரணும், நேரம் ஆகும்"னார். மழுப்பாம சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. எக்ஸ்டெண்டட் வாரண்டி விவரம் மெயில்ல கேட்டிருக்கேன். க்ளட்ச் பேக் பத்தி மட்டும் "செக் பண்ணிச் சொல்றோம்"னு இழுக்கறாங்க.

வாரண்டி_வக்கீல்

அந்த ஒரு வரி வரும் வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

நீலவெள்ளை

திரும்பிப் பார்த்தேன்னு சொல்லிட்டீங்களே சார், அப்புறம் நாங்க என்ன பேச? ஆனா அலுவலகம் தினமும் போறது அந்த வண்டியில்தானா? வீட்ல வேற வண்டி இருக்கா?

ஓஎம்ஆர்_வாசி

மனைவி பேர்ல ஒரு எலக்ட்ரிக் இருக்கு. அவங்களுக்கு வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்தே வேலை.

நீலவெள்ளை

இதை முதல் பதிவுலயே சொல்லியிருந்தா மூணு பக்கம் மிச்சம் ஆகியிருக்கும்! டிராஃபிக்குக்கு எலக்ட்ரிக், மத்ததுக்கு ஜிடிஐ. என் ஓட்டை வாபஸ் வாங்கறேன்.

சந்தேக_சாமி

நான் வாபஸ் வாங்கவில்லை. முழுப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று டெக்னீஷியனே சொல்லிவிட்டார். எண்ணிக்கை குறைவாக இறக்குமதியான வண்டி, டீலர் கையிருப்பில் பார்ட்ஸ் வைத்திருக்க மாட்டார். அந்தச் செலவையும் காத்திருப்பையும் தாங்க முடியும் என்றால் எடுங்கள். வாரண்டி முடிகிற மாதம் விற்றுவிடும் எண்ணம் இருந்தாலும் எடுங்கள். இரண்டும் இல்லை, பத்து வருஷம் வைத்து ஓட்டுவேன் என்றால் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஓஎம்ஆர்_வாசி

சாமி, ஆறேழு வருஷம் வெச்சுக்கற எண்ணம். க்ளட்ச் பேக் உள்ள வரும்னு மெயில் வந்தா எடுக்கறேன். வரலேன்னா, வேற ஊர் டீலர்கிட்ட அதே கேள்வி. அங்கயும் இழுத்தா எம்340ஐ.

பட்டறை_மாமா

நல்ல முடிவு தம்பி. எடுத்தீங்கன்னா சில பழக்கம் பிடிச்சுக்கோங்க. சிக்னல்ல பிரேக்கை முழுசா அழுத்துங்க, அப்போதான் க்ளட்ச் சுத்தமா விடும். அரை அழுத்தல்ல நின்னா அது பிடிக்கலாமா விடலாமான்னு தவிச்சுக்கிட்டே இருக்கும். நின்னதும் பிரேக்கைத் தானா பிடிச்சு வைக்கற ஆட்டோ ஹோல்டு இருக்கும், அதைப் போட்டு வெச்சுக்கோங்க. மேம்பால ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்கற பழக்கம் அறவே கூடாது. முன் வண்டி ஒரு அடி நகர்ந்தா நீங்களும் ஒரு அடி நகராதீங்க. ஒரு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் ஒரே மூச்சுல போங்க. பின்னாடி ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

எண்ணெய் மாத்தற கணக்கு உங்க வண்டி கையேட்டுல என்ன இருக்கோ அதுக்கு முன்னாடியே மாத்துங்க. சென்னை வெயிலும் ஊர்றதும் கையேட்டு எழுதினவன் நினைச்சதைவிட ஜாஸ்தி.

கரி_ட்ராக்_பையன்

மாமா, லாஞ்ச் கன்ட்ரோல் ஒரே ஒரு தடவை போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல? நண்பனுக்காகக் கேக்கறேன்.

பட்டறை_மாமா

ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. எண்ணெய் நல்லா சூடான அப்புறம், காஞ்ச ரோட்டுல, ஸ்டியரிங் நேரா வெச்சு. உன் நண்பன் ஒரு தடவையோட நிறுத்துவானான்னு கேட்டுச் சொல்லு.

ஸ்டுட்கார்ட்_அக்கா

@ஓஎம்ஆர்_வாசி மெயில் வந்ததும் அந்த ஷரத்தை மட்டும் பெயர், எண் எல்லாம் மறைத்து இங்கே போடுங்கள். ஆக்டேவியா ஆர்எஸ் எடுத்த சிலரும் இதே கேள்வியோடு இருக்கிறார்கள், அதுவும் வெட் ஏழு கியர்தான்.

ஓஎம்ஆர்_வாசி

கண்டிப்பா அக்கா.